பல்லைப் பிடுங்கியது யார்? ரஷ்யர்களைத் திணறடிக்கும் ஒரு குட்டி ஆங்கிலச் சொல்!

லண்டனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ரஷ்யர் ஒருவர், திங்கட்கிழமை காலை வீங்கிய கன்னத்தோடு அலுவலகத்துக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "என்ன ஆச்சு?" என்று பக்கத்து சீட்காரர் விசாரிக்கிறார். "சனிக்கிழமை ஒரு பல்லைப் பிடுங்கினேன்" என்று ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார் நம் ரஷ்யர். கேட்டவரின் முகம் வெளிறிப்போகிறது. மனுஷன் வீட்டில் உட்கார்ந்து குறடை வைத்துத் தானே பிடுங்கிக்கொண்டாரா?

ரஷ்ய மொழியில் அந்த வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை. 'பல்லைப் பிடுங்கினேன்' என்றாலே டாக்டரிடம் போய்த்தான் பிடுங்கியிருப்பார் என்று கேட்கிற எல்லோருக்கும் புரியும். நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? "நேத்துதான் முடி வெட்டினேன்" என்று ஒருவர் சொன்னால், கத்தரிக்கோலை யார் பிடித்திருந்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஆங்கிலம் இந்த விஷயத்தில் கறார். வேலையைச் செய்தது வேறொருவர் என்றால் அது வாக்கியத்தில் தெரிந்தாக வேண்டும். 'ஐ ஹேட் எ டூத் புல்ட்' என்று சொல்ல வேண்டும். பல்லுக்கு முன்னால் வந்து நிற்கிற அந்த 'ஹேட்', 'ஹேவ்' என்ற சொல்லின் இறந்தகால வடிவம்.

ஆங்கிலம் படிக்கிற குழந்தை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்கிற சொல் ஹேவ். அகராதியில் அதற்கு முதலில் போட்டிருக்கும் பொருள், 'உடைமையாகக் கொண்டிரு'. அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகிற ரஷ்யருக்கு அடுத்த பத்து வருடத்துக்கு விடாமல் தொல்லை கொடுக்கிற சொல்லும் இதுதான். காரணம் எளிது. ரஷ்யர்களின் அன்றாடப் பேச்சில் இப்படி ஒரு வினைச்சொல்லுக்கு வேலையே இல்லை.

'என் பக்கத்தில் இருக்கிறது'

"என்னிடம் கார் இருக்கிறது" என்பதை ரஷ்யர் 'உ மின்யா யேஸ்த் மஷீனா' என்பார். 'உ மின்யா' என்றால் 'என்னிடம்', 'என் பக்கத்தில்'. 'யேஸ்த்' என்றால் 'இருக்கிறது'. 'மஷீனா' என்றால் கார். ஆக, வாக்கியத்தின் எழுவாய் கார்தான். 'நான்' எழுவாய் இல்லை, கார் வந்து நிற்கிற இடம். அதே 'உ மின்யா'வுக்கு 'என் வீட்டில்' என்றும் பொருள் உண்டு. நண்பன் இவர் வீட்டுக்கு வந்திருந்தால், அவனும் 'உ மின்யா'தான்.

தமிழ் வாசகருக்கு இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. நாமும் காரைத்தான் எழுவாயாக்குகிறோம். இன்னும் ஒன்று பாருங்கள். கார் இல்லையென்றால் ரஷ்யர் சொல்கிற சொல் 'நியெத்'. 'கார் இல்லை' என்பதற்கும் அதே நியெத், "சாப்பிட்டீங்களா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று பதில் சொல்லவும் அதே நியெத். நம் 'இல்லை' செய்கிற இரண்டு வேலையையும் அந்த ஒரே சொல் செய்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கோ இதற்கு இரண்டு தனித்தனி ஏற்பாடு வேண்டும்.

மொழியியலாளர்கள் இந்த அடிப்படையில் மொழிகளை இரண்டு முகாமாகப் பிரிப்பது உண்டு. ஒன்று 'ஹேவ்' மொழிகள், இன்னொன்று 'இரு' மொழிகள். பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த அலெக்ஸாந்தர் இசாச்சென்கோ 1974-ல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ரஷ்ய மொழியின் நெருங்கிய உறவுகளான போலிஷும் செக்கும் 'ஹேவ்' முகாமில் இருக்கின்றன. உக்ரைன் மொழியில் இரண்டு விதமாகவும் சொல்லலாம். ரஷ்யன் மட்டும் பக்கத்து வீட்டு ஃபின்னிஷ், எஸ்தோனியன், லாத்வியன் மொழிகளைப் போல 'இரு' பக்கமே நிற்கிறது. நம் தமிழ், இந்தி, அரபு, ஹீப்ரு எல்லாம் அதே பக்கம்தான். உலக மொழிகளில் 'ஹேவ்' வினைச்சொல் உள்ளவைதான் குறைவு என்பதை பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்ட் 1960-லேயே சுட்டிக்காட்டினார். 'எனக்கு இருக்கிறது' என்பதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டதுதான் ஹேவ் என்பது அவர் விளக்கம். அப்படிப் பார்த்தால் விதிவிலக்கு ஆங்கிலம்தான், நாம் இல்லை!

சொல் இல்லாவிட்டால் சொத்தாசை இருக்காதா?

இந்த இடத்தில் ஒரு கவர்ச்சியான கதை அடிக்கடி முளைக்கும். 'ரஷ்யர்களிடம் உடைமையைக் குறிக்கும் வினையே இல்லை, அதனால் அவர்களுக்குச் சொத்து மனப்பான்மை குறைவு, ஆங்கிலேயர்கள் பிறவியிலேயே முதலாளிகள்' என்கிற ரகம். சாதாரண ஆட்கள் மட்டும் சொல்வதில்லை. புகழ்பெற்ற உளவியல் அறிஞர் எரிக் ஃப்ராம் 1976-ல் வெளிவந்த தன் நூலில், தனிச்சொத்து வளர வளரத்தான் 'ஹேவ்' போன்ற சொற்களும் வளர்ந்தன என்கிற பொருளில் எழுதினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழரிடம் இதைச் சொன்னால் சிரித்துவிடுவார். நமக்கும் அந்த வினை பேச்சில் கிடையாது. அதற்காக நம் ஊரில் வரப்புத் தகராறு வராமல் போய்விட்டதா? பங்காளிகள் கோர்ட் படி ஏறாமல் இருந்துவிட்டார்களா? 'என்னிடம் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே ஒரு சென்ட் நிலத்துக்காக முப்பது வருடம் வழக்காடிய குடும்பங்கள் எத்தனை! மொழியின் இலக்கணத்தை வைத்து மனிதர்களின் குணத்தை ஜோசியம் பார்க்கக் கூடாது.

சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டினால் ஒரு சுவாரஸ்யம் கிடைக்கிறது. ஆங்கில ஹேவ், 'பற்றிப் பிடி' என்று பொருள் தந்த ஒரு பழைய வேரிலிருந்து வந்தது. ரஷ்ய மொழியிலும் அப்படி 'எடு', 'பிடி' என்ற வேரிலிருந்து வந்த 'இமேத்' என்ற வினை இருக்கத்தான் செய்கிறது. அதை 'ஹேவ்' என்றே மொழிபெயர்க்கலாம். ஆனால் காருக்கும் குடைக்கும் அதைப் பயன்படுத்தினால், அரசு அலுவலகப் படிவத்தை வாசிப்பது போல இருக்கும். 'இமேத்' வாழ்வது கண்ணுக்குத் தெரியாத பொருள்களோடு. உரிமை, அர்த்தம், மனதில் வைத்திருத்தல் ஆகியவற்றுக்கு அது சரளமாக வரும். 'இமேயு ப்ராவா' (எனக்கு உரிமை உண்டு) என்று சண்டையில் யாரும் கத்தலாம். ஜார் காலத்து ராணுவ அதிகாரிகள் விடைபெறும்போது 'செஸ்த் இமேயு' என்பார்கள். 'கௌரவம் எனக்கு' என்பது போல. 'நூறு ரூபிள் வைத்திருக்காதே, நூறு நண்பர்களை வைத்திரு' என்கிற பிரபலமான ரஷ்யப் பழமொழியிலும் இந்த வினைதான் இரண்டு முறை வருகிறது. ரூபிளும் நண்பர்களும் ரஷ்ய மொழியில் எதுகையாக அமைந்திருப்பதால் குழந்தைகள்கூட அதை மறப்பதில்லை.

இந்த வினையை மனிதர்கள்மேல் ஏவும்போது மட்டும் கவனம் தேவை. 'எனக்கு மனைவி இருக்கிறாள்' என்பதை ஆங்கிலத்தைப் பார்த்து அப்படியே 'இமேத்' போட்டு ரஷ்ய மொழியில் சொல்லப்போனால், குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாத ஒரு கொச்சைப் பொருளின் பக்கம் வாக்கியம் வழுக்கிவிடலாம். ரஷ்ய மொழி கற்கப்போகிற நம்மவர்களும் இதைக் குறித்துக்கொள்வது நல்லது.

காய்ச்சலும் வயதும்

ஆக, ஆங்கிலம் பேச வாய் திறக்கும் ரஷ்யர் முதலில் செய்ய வேண்டியது, வாக்கியத்தின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிற தன்னைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்துவது. 'எனக்குத் தலை வலிக்கிறது' என்பதை அவர் மொழியும் நம் மொழி மாதிரியே சொல்கிறது. 'உ மின்யா பலீத் கலவா.' வலிப்பது தலை, நான் அதைத் தாங்குகிற ஆள். ஆங்கிலத்திலோ அந்தத் தலைவலியையே நான் ஒரு பொருளைப் போல வைத்திருக்கிறேன். 'ஐ ஹேவ் எ ஹெட்ஏக்.' காய்ச்சலும் அப்படியே, சந்தேகமும் அப்படியே.

சரி, எல்லா இடத்திலும் ஹேவ் போட்டுவிட்டால் தப்பித்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 'எனக்கு இருபது வயது' என்பது ரஷ்ய மொழியில் 'ம்னே த்வாத்ஸத் லெத்'. 'ம்னே' என்றால் 'எனக்கு'. நம் வாக்கியத்தை அச்சு எடுத்த மாதிரி இருக்கிறது. ஆங்கிலத்தில் இங்கே ஹேவ் வராது, 'ஐ ஆம் ட்வென்டி'தான். 'எனக்குக் குளிருது' என்பதும் 'ம்னே ஹோலத்ன' என்று நம்மைப் போலவேதான். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் கோல்ட்'. அதில் ஹேவ் போட்டு 'ஐ ஹேவ் எ கோல்ட்' என்றால் அது ஜலதோஷமாகிவிடும். ஜன்னலை மூடச் சொல்ல நினைத்தவருக்கு மாத்திரை வந்து சேரும்!

அதோடு, அந்த 'எ' என்கிற ஒற்றை எழுத்து. ரஷ்ய மொழியில் 'எ', 'தி' போன்றவை கிடையவே கிடையாது, தமிழைப் போலவே. ஆக ஜலதோஷத்துக்கும் குளிருக்கும் நடுவில் இருக்கிற வேலி, ரஷ்யர் காதில் விழாத சொல்லால் கட்டப்பட்டிருக்கிறது.

சாப்பாட்டு விஷயம் அவ்வளவு மோசமில்லை. டீ குடிப்பது, குளிப்பது, உட்காருவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் ஹேவ் போடும். ரஷ்யருக்கு ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருக்கிறது. 'டீ குடித்தேன்' என்று நேரடியாகச் சொன்னாலும் ஆங்கிலேயருக்குப் புரியும், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

பல்லுக்குத் திரும்புவோம். முடி வெட்டுவது, கார் ரிப்பேர், வீட்டுக்கு வெள்ளையடிப்பது, ஆபரேஷன் என்று பிறரைக் கொண்டு செய்விக்கிற எல்லா வேலைக்கும் ஆங்கிலத்தில் ஹேவ் வேண்டும். ரஷ்ய மொழியில் சில வினைகளின் வாலில் 'ஸ்யா' என்று ஓர் ஒட்டு சேரும். 'முடி வெட்டிக்கொண்டேன்' என்பதற்கு 'பத்ஸ்த்ரீக்ஸ்யா'. நம் '-கொள்' செய்கிற வேலையைப் பெரும்பாலும் அது செய்துவிடுகிறது. ஊசி போட்டுக்கொண்டேன், போட்டோ எடுத்துக்கொண்டேன் என்று நாம் சொல்வதில் இருக்கிற அந்த '-கொள்'ளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. மருத்துவமனையில் 'போன வருஷம் ஒரு ஆபரேஷன் செய்தேன்' என்று ஒரு நோயாளி ஆங்கிலத்தில் சொன்னால், 'நீங்களும் சர்ஜனா?' என்று டாக்டர் கேட்டாலும் கேட்பார். ஹேவ் போட்டிருந்தால் குழப்பமே இல்லை.

வேண்டாமா, வேண்டியதில்லையா?

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறுகள். ஹேவுக்குப் பின்னால் 'டு' என்று ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும்போதுதான் விஷயம் கொஞ்சம் கனமாகிறது.

'ஐ ஹேவ் டு கோ' என்றால் 'நான் போக வேண்டும்'. உடைமையும் இல்லை, பிடிப்பதும் இல்லை, இங்கே ஹேவ் என்பது கட்டாயம். ரஷ்யருக்கு 'ம்னே நாதோ', அதாவது 'எனக்கு வேண்டும்' என்ற கட்டு கைவசம் இருப்பதால் இதை எளிதாகவே கற்றுக்கொள்கிறார். வினை வருவது எதிர்மறையில். ஆங்கிலத்தில் 'யூ மஸ்ட் நாட்' என்றால் 'கூடாது', தடை. 'யூ டோன்ட் ஹேவ் டு' என்றால் 'கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் செய்யுங்கள்'. இரண்டுக்கும் நடுவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ரஷ்ய மொழியில் 'நே நாதோ' என்றால் இரண்டும் ஆகலாம். 'கத்த வேண்டாம்' என்ற கண்டிப்புக்கும் அதே, 'ரொட்டி வாங்க வேண்டாம், வீட்டில் இருக்கிறது' என்ற தகவலுக்கும் அதே. பக்கத்தில் இருந்து குரலைக் கேட்டால்தான் எது என்று புரியும்.

நம் 'வேண்டாம்' மட்டும் என்ன வாழ்ந்தது? "நீங்க நாளைக்கு வர வேண்டாம்" என்று மருமகளிடம் மாமியார் சொன்னால், அது அக்கறையா கோபமா என்று கண்டுபிடிக்க ஒரு குடும்பமே கூடிப் பேச வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு மருந்துக்கடையை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டில் தனியாக இருக்கிற ரஷ்ய மூதாட்டி ஒருவர், மாத்திரையை வாங்கிக்கொண்டு விவரம் கேட்கிறார். 'சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்கிற கட்டாயம் இல்லை' என்று மருந்தாளுநர் 'டோன்ட் ஹேவ் டு' போட்டுச் சொல்கிறார். பாட்டி காதில் விழுவதோ, 'சாப்பிட்டுவிட்டுப் போடக் கூடாது'. அன்றிலிருந்து மாத்திரைக்காகப் பட்டினி. இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். 'இதோடு மது அருந்தக் கூடாது' என்று எழுதியிருக்கிற 'மஸ்ட் நாட்'டை, 'அருந்த வேண்டிய அவசியம் இல்லை' என்று ஒருவர் எடுத்துக்கொண்டால், கேட்பானேன்.

இதற்கு ரஷ்ய மொழிக்குள்ளேயே மருந்து இருக்கிறது. 'நே அபிஸாத்யெல்ன' என்று ஒரு தொடர் உண்டு. 'கட்டாயம் இல்லை' என்பதற்கு மட்டுமே உரியது. நம் 'வேண்டியதில்லை' மாதிரி. 'டோன்ட் ஹேவ் டு' காதில் விழுந்த உடனே 'நே நாதோ'வை மறந்துவிட்டு இதை மனதில் கொண்டுவரப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். இலக்கண விதியாக மனப்பாடம் செய்வதைவிட, தன் மொழியில் சரியான ஜோடியைத் தேடிப்பிடித்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வது உறுதியாக நிற்கும்.

பத்து வருடத் திருமணம்

கடைசிப் பாம்பு, ஹேவ் வேறொரு வினைக்கு முன்னால் துணைக்கு வருகிற இடம். 'ஐ ஹேவ் சீன்', 'பார்த்திருக்கிறேன்'. 'ஐ ஹேவ் ஈட்டன்', 'சாப்பிட்டிருக்கிறேன்'. தமிழருக்கு இது சுலபம். ஆங்கிலேயர் ஹேவ் போடுகிற இடத்தில் நாம் 'இரு' போடுகிறோம், அவ்வளவுதான். இந்த ஓர் இடத்தில் நாம் ரஷ்யரைவிடக் கொடுத்துவைத்தவர்கள். இலக்கிய ரஷ்ய மொழியில் இப்படித் துணைவினை வைத்துக் கட்டுகிற இறந்தகாலம் கிடையாது. வேலை முடிந்ததா, முடியவில்லையா என்பதை வினைச்சொல்லின் உருவத்திலேயே காட்டிவிடுவார்கள். (ரஷ்யாவின் வடக்குக் கிராமங்களில் மட்டும் 'உ மின்யா' வைத்து, 'என்னிடம் எழுதப்பட்டு இருக்கிறது' என்பது போல ஒரு பேச்சுவழக்கு உண்டு. 'நான் எழுதியிருக்கிறேன்' என்று அர்த்தம். இலக்கணப் பிரியர்களுக்கு அது ஒரு குலோப்ஜாமூன்.)

ரஷ்யரும் நாமும் சேர்ந்தே வழுக்கி விழுகிற இடம் இதற்கு அடுத்த படி. முன்பு தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கிற விஷயத்துக்கு ஆங்கிலத்தில் ஹேவ் கட்டாயம். நாமோ 'பத்து வருஷமா இங்கே இருக்கேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வோம். ரஷ்யரும் 'ஜிவூ', 'வசிக்கிறேன்' என்று நிகழ்காலம்தான் போடுவார். அதை அப்படியே ஆங்கிலமாக்கினால் இலக்கணப் பிழை, ஆனால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். ஆபத்து எப்போது வருகிறது என்றால், 'நிகழ்காலம் தப்பு' என்று வாத்தியார் ஒருமுறை திருத்திய பிறகுதான். மாணவர் உடனே இறந்தகாலத்துக்குத் தாவிவிடுவார்.

'ஐ வாஸ் மேரீட் டென் இயர்ஸ்' என்று ஒரு ரஷ்யப் பெண் சந்தோஷமாகச் சொல்கிறார். எதிரில் இருக்கிற ஆங்கிலேயப் பெண்மணி, 'அடடா, ஸாரி' என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்த வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் பொருள், 'பத்து வருஷம் கல்யாண வாழ்க்கை நடந்தது, இப்போது இல்லை'. 'ஐ ஹேவ் பீன் மேரீட்' என்றிருந்தால் வாழ்த்து கிடைத்திருக்கும். விசா அலுவலகத்தில் 'இந்த ஊரில் ஐந்து வருடம் வசித்தேன்' என்று ஹேவ் இல்லாமல் சொன்னாலும் இதே கதிதான். இப்போது எங்கே வசிக்கிறீர்கள் என்று அதிகாரி பேனாவை எடுப்பார். உண்மையை மட்டுமே சொன்ன ஒருவர், ஒரு துணைவினை விட்டுப்போனதால் எதையோ மறைக்கிற ஆள் மாதிரி தோற்றமளிக்கிறார். அந்நிய மொழியில் வாழ்கிறவர்களின் பெரிய துயரமே, சொன்னது தப்பு என்று அந்த நேரத்தில் அவர்களுக்கே தெரியாது என்பதுதான்.

கேள்வியும் இதே போலத் திரும்பிக் கடிக்கும். 'எவ்வளவு நாளாக லண்டனில் இருக்கிறீர்கள்?' என்பதை ஹேவ் இல்லாமல் 'ஹௌ லாங் ஆர் யூ இன் லண்டன்?' என்று கேட்டால், 'இங்கே மொத்தம் எத்தனை நாள் தங்கப்போகிறீர்கள்?' என்று அர்த்தமாகிவிடும். 'வெள்ளிக்கிழமை வரை' என்று பதில் வரும். கேட்டவர் விழிப்பார்.

வாய்க்குள் நுழையாத ஹ

இத்தனைக்கும் நடுவில் அந்தச் சொல்லை உச்சரிக்கவும் வேண்டுமே! ஆங்கில 'ஹ' மெல்லிய மூச்சு. ரஷ்ய மொழியில் அதற்குச் சமமான ஒலி கிடையாது, தொண்டையை உரசிக்கொண்டு வருகிற கரகரப்பான ஒலிதான் உண்டு. அந்நியப் பெயர்களில் வருகிற 'ஹ'வை நெடுங்காலமாக 'க' (கடினமான ஜி) போட்டுத்தான் எழுதிவந்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அங்கே காம்லெட். ஹாரி பாட்டர் காரி பாட்டர். ஹாலிவுட் காலிவுட் ஆகிவிடும்!

சொல்லின் கடைசியில் இருக்கிற 'வ்' இன்னொரு தொல்லை. ரஷ்ய நாக்கு சொற்களின் இறுதியில் வருகிற இத்தகைய ஒலிகளைத் தானாகவே அதிர்வில்லாமல் ஆக்கிவிடும். 'ஹேவ்' என்பது 'ஹேஃப்' என்று வந்து விழும். ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரே ஓர் இடத்தில் இந்தத் தவறு சரியாகிப் போகிறது. 'ஹேவ் டு' என்று வேகமாகச் சொல்லும்போது ஆங்கிலேயர்களே அதை 'ஹேஃப் டு' என்றுதான் உச்சரிக்கிறார்கள். அங்கே மட்டும் ரஷ்யர், பிறவி ஆங்கிலேயரைப் போல ஒலிப்பார்.

எதிர்த்திசையில் போகிறவர்கள்

இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். ரஷ்யாவின் மருத்துவப் பல்கலைக்கழகங்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும், வார்டில் படுத்திருக்கிற நோயாளிக்கு ரஷ்ய மொழிதான் தெரியும். அங்கே அவர்களுக்கு உதவுவது பள்ளியில் படித்த ஆங்கிலம் இல்லை, வீட்டில் பேசிய தமிழ்தான். 'ஷ்தோ உ வாஸ் பலீத்?' என்றால் 'உங்களுக்கு என்ன வலிக்கிறது?' ஹேவைத் தேடிக்கொண்டு ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகிற மாணவர் அதைக் கட்டுவதற்குள், தமிழில் யோசிக்கிற மாணவர் கேட்டு முடித்திருப்பார். 'எனக்குக் காய்ச்சல்' என்பதில் நாம் 'இருக்கிறது' சொல்லாமல் விடுகிறோமே, ரஷ்ய நோயாளியும் காய்ச்சலுக்கு 'யேஸ்த்' சொல்வதில்லை. கண் நீலம், முடி கறுப்பு என்று வர்ணிக்கும்போதும் அந்த 'யேஸ்த்' காணாமல் போய்விடும். நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை.

இதே பாதையில் எதிர்ப்பக்கமிருந்து வந்தவர்களும் உண்டு. லெனின்கிராடில் தமிழ் கற்பித்த செம்யோன் ரூதின், தமிழ்ப் பற்றால் தனக்குச் 'செம்பியன்' என்றே பெயர் வைத்துக்கொண்டவர். தமிழுக்கு இலக்கண நூல் எழுதிய மிகயில் அந்த்ரோனோவ், மாஸ்கோவில் தலைமுறைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து 2020-ல் மறைந்த அலெக்ஸாந்தர் துபியான்ஸ்கி என்று அந்த வரிசை நீளும். அவர்கள் மாணவர்களுக்கு 'எனக்குப் பசிக்கிறது' என்ற வாக்கியத்தின் அமைப்பு அந்நியமாக இருந்திருக்காது. ஆனால் பிள்ளைகள் 'எனக்கு' இருக்கிறார்கள், குடை மட்டும் 'என்னிடம்' இருக்கிறது என்று நாம் பிரித்துச் சொல்வது ரஷ்யர்களுக்குப் புதிது. அவர்களுக்குப் பிள்ளை, குடை, காய்ச்சல், நேரம் எல்லாமே ஒரே 'உ மின்யா'தான்.

நம் பிள்ளைகள் அங்கே தடுக்கி விழுகிற இடம் 'நியெத்'. தமிழில் 'நேரம் இருக்கிறது' என்றாலும் 'நேரம் இல்லை' என்றாலும் நேரம் நேரம்தான். ரஷ்ய மொழியில் இருக்கிற நேரம் 'வ்ரேம்யா', இல்லாத நேரம் 'வ்ரேமினி'. ஒரு பொருள் இல்லை என்று சொன்ன உடனே அதன் பெயரின் வால் மாறிவிடும். அவசரமாக வார்டைக் கடக்கிற மாணவர் 'நியெத் வ்ரேம்யா' என்று சொல்லிவிட்டு ஓடினால், கட்டிலில் படுத்திருக்கிற பாட்டி 'வ்ரேமினி, வ்ரேமினி' என்று திருத்தித்தான் அனுப்புவார்.